ஜெர்மனி, ஸ்டுட்கார்ட்: பிள்ளைகளின் விளையாட்டு, பாட்டு வகுப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்கணும்?

பொள்ளாச்சிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கணவருக்கு ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வேலை உறுதியாகிவிட்டது, ப்ளூ கார்டு விசா (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கானது). ஆகஸ்ட் கடைசியில் நான்கு பேரும் கிளம்புகிறோம். வாடகை, மளிகை, போக்குவரத்துக்கெல்லாம் ஓரளவு கணக்குப் போட்டாயிற்று. பிடிபடாமல் இருப்பது பிள்ளைகளின் வகுப்புச் செலவுதான்.

பையனுக்கு 11 வயது. இங்கே ஃபுட்பால் அகாடமி மூலம் முறையாகப் பதிவு செய்து ஆடுகிறான். பாட்மின்டனும் உண்டு. பெண்ணுக்கு 9 வயது. வயலின், பரதநாட்டியம். நீச்சல் அரைகுறை. இணையத்தில் தேடினால் ஒருவர் வருஷத்துக்கு 100 யூரோ என்கிறார், இன்னொருவர் மாதத்துக்கே 80 யூரோ என்கிறார். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்?

மாதம் எவ்வளவு ஒதுக்கலாம், இங்கிருந்தே எதையாவது பதிவு செய்ய வேண்டுமா, கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். பள்ளியிலேயே கோச்சிங் கிடைக்குமா? பிள்ளைகளின் ஜெர்மன் இன்னும் ஏ1 என்ற தொடக்க நிலையில்தான் இருக்கிறது.

---

நெக்கார்க்கரை

இரண்டு தொகையும் உண்மைதான். எந்த விளையாட்டு என்பதைவிட, அதை யார் நடத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் இங்கே விலை மாறும்.

முதலில் பள்ளி. நம் ஊர் மாதிரி ஸ்கூல் டீம், பி.டி. சார், மாலையில் கோச்சிங் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. பாடவேளையில் விளையாட்டு உண்டு. மதியத்துக்கு மேல் 'ஆ.கே.' என்று சில குழுக்கள் இருக்கும், இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ. சதுரங்கம், நாடகம், கூடைப்பந்து, எது நடக்கும் என்பது அந்தந்த வருஷம் யார் கிடைக்கிறார் என்பதைப் பொறுத்தது. முறையான பயிற்சி, போட்டி, லீக் எல்லாமே ஊர்ச் சங்கத்தில்தான். அதற்குப் பெயர் ஃபெரைன். பெயருக்குப் பின்னால் 'ஏ.ஃபௌ.' என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது பதிவு பெற்ற சங்கம். நாடு முழுக்க 86,000 விளையாட்டுச் சங்கங்கள் இருக்கின்றன, சின்னக் கிராமத்தில்கூட ஒன்று இருக்கும்.

ஃபெரைன் மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மைதானமும் உள்ளரங்கமும் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தம். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து சொல்லிக்கொடுப்பவர்கள், சிறு தொகைதான் வாங்குவார்கள். லாபம் என்ற பேச்சே இல்லை. அதனால் பிள்ளைக்கு வருஷம் 80 முதல் 200 யூரோவுக்குள் முடிந்துவிடும். தனியார் கராத்தே பள்ளி, தனியார் டான்ஸ் ஸ்டூடியோ என்றால் மாதமே 50 முதல் 80 யூரோ. அதே கராத்தேவை ஃபெரைனில் மாதம் 10, 15 யூரோவுக்குக் கற்கலாம். நீங்கள் பார்த்த இரண்டு தொகையும் இந்த இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. தனியார் எல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதல் வருஷத்தில் அதற்கு அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி, ஃபெரைன் கட்டணத்தில் வெளியே தெரியாத பகுதிகள்.

பெரிய சங்கங்களில் அடிப்படைச் சந்தா ஒன்று, பிரிவுச் சந்தா தனி. இணையதளத்தில் முன்னால் இருப்பது அடிப்படைத் தொகைதான். பாட்மின்டன், ஃபுட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் மேலே கூடும். பையன் ஃபுட்பால், பாட்மின்டன் இரண்டையும் ஒரே சங்கத்தில் ஆடினால் அடிப்படைச் சந்தா ஒருமுறைதான். இரண்டு சங்கம் என்றால் இரண்டு முறை. அதனால் முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல பிரிவுச் சங்கத்தைப் பாருங்கள்.

சேரும்போது ஒருமுறைக் கட்டணம் 10 முதல் 50 யூரோ வரை கேட்பார்கள், எல்லாச் சங்கமும் அல்ல. குடும்பச் சந்தாவையும் விசாரியுங்கள். இரண்டு பிள்ளைகளின் தனிச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால் குடும்பச் சந்தாவை எட்டிவிடும் சங்கங்கள் இருக்கின்றன. அப்படியானால் நீங்களும் கணவரும் சும்மா கிடைத்த மாதிரி உறுப்பினராகலாம்.

வேலை மணிநேரம் என்று ஒன்று உண்டு. டென்னிஸ், படகு, சில ஃபுட்பால் சங்கங்களில் ஒவ்வொரு குடும்பமும் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்: மைதானம் சுத்தம் செய்வது, போட்டி நாளில் கேக் விற்பது, வேலி அடிப்பது. செய்யாத ஒவ்வொரு மணிக்கும் பணம் பிடிப்பார்கள். விண்ணப்பத்தில் இது இருக்காது, சந்தா விதிப் பக்கத்தில் இருக்கும். முடிந்தவரை பணம் கட்டாமல் போய் வேலை செய்யுங்கள். ஜெர்மன் பேசிப் பழகவும் பெற்றோர்களோடு பழகவும் இதைவிட நல்ல இடம் அமையாது.

டென்னிஸ் தனிக் கதை. அங்கே சந்தா என்பது ஆடுகளத்துக்கு மட்டும். பயிற்சியாளர் கட்டணம் வேறு, குளிர்காலத்தில் உள்ளரங்க வாடகை வேறு. சந்தா 80 யூரோ என்று சேர்ந்துவிட்டு, வருஷ முடிவில் அதைப் போல பல மடங்கு கட்டியிருப்பார்கள்.

இப்போது மிக முக்கியமானது, விலகுவது. நீங்கள் முதல் வருஷத்திலேயே வீடு மாற்ற வாய்ப்பு அதிகம், தற்காலிக வீட்டில் இறங்கிப் பிறகு நிரந்தர வீட்டுக்குப் போவீர்கள். ஃபெரைனில் க்யூண்டிகுங் என்கிற விலகல் கடிதத்தை எப்போது கொடுக்கலாம் என்பதைச் சங்கத்தின் சட்டவிதிதான் முடிவு செய்யும். அதன் பெயர் ஸாட்ஸுங். பல சங்கங்களில் டிசம்பர் 31, சிலவற்றில் ஜூன் 30, டிசம்பர் 31 இரண்டும். அதற்கு 4 வாரம் முதல் 3 மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அக்டோபரில் வீடு மாறி டிசம்பரில் கடிதம் கொடுத்தால் அடுத்த வருஷச் சந்தாவும் வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். பயிற்சிக்கு வராமல் நின்றால் தானாக நீங்கிவிடும் என்று நினைப்பதுதான் நம்மவர்கள் பலர் பணம் இழக்கும் இடம்.

தனியார் பள்ளியில் சட்டம் வேறு. 2022 மார்ச் 1 முதல் போட்ட ஒப்பந்தங்களில் முதல் காலம் அதிகபட்சம் 2 வருஷம். அது முடிந்த பிறகு தானாக இன்னொரு வருஷம் நீட்டிக்க முடியாது, ஒரு மாத அவகாசம் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஃபெரைன் உறுப்பினருக்குப் பொருந்தாது. இன்னொன்று, வேலை மாற்றத்தால் ஊர் மாறுகிறோம் என்பது தனியார் ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கப் போதுமான காரணம் அல்ல. உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2016-இலேயே இதைச் சொல்லிவிட்டது. 24 மாத ஒப்பந்தத்தில் மாதம் 5 யூரோ குறைவு என்று ஆசை காட்டினால், புதிதாக வந்த குடும்பம் அதைத் தொடக்கூடாது.

கடைசியாக, ஃபுட்பால், பாட்மின்டன், ஜிம்னாஸ்டிக்ஸ் எதிலும் முதல் நாளே கையெழுத்து வேண்டாம். ப்ரோபெட்ரெய்னிங் என்று இரண்டு மூன்று முறை இலவசமாக வந்து பார்க்க விடுவார்கள். அதற்கு மேல் விடாததற்குக் காரணம் விபத்துக் காப்பீடு, சங்கத்தின் காப்பீடு உறுப்பினர்களுக்கானது. பள்ளி விடுமுறையில் அரங்கங்கள் பூட்டியிருக்கும். நீங்கள் வந்து இறங்கும்போது ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலமான பாடன்-வூர்ட்டெம்பெர்கில் கோடை விடுமுறை, பள்ளி செப்டம்பர் நடுவில்தான் தொடங்கும். அதுவரை மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

---

நீந்தும்கெண்டை

நெக்கார்க்கரை சொன்னதில் ஒரு விதிவிலக்கு: நீச்சலுக்குப் பொறுத்திருக்காதீங்க. இங்கே நீச்சல் வகுப்புக்குத்தான் பெரிய வரிசை. பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் போகும். குளங்கள் குறைவு, சொல்லிக்கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு.

ஆனா உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. கிளம்புறதுக்குள்ள ஊரிலேயே பெண்ணை இதற்குத் தயார் பண்ணிட்டு வாங்க. முதல் சான்று ஸேஃபெர்ட்ஷென், கடல்குதிரை பேட்ஜ். கேட்பது இவ்வளவுதான்: குளத்தின் விளிம்பிலிருந்து குதிச்சு 25 மீட்டர் நீந்தணும், தோள் ஆழத் தண்ணீரில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வரணும், குள விதிகள் தெரிஞ்சிருக்கணும். நம்ம ஊர்ப் பயிற்சி பெரும்பாலும் ஃப்ரீஸ்டைலில் ஆரம்பிக்கும். இங்கே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக். வகுப்பில் எல்லாரும் அதை நீந்தும்போது உங்க பெண் மட்டும் முழிக்க வேண்டாம், அதையும் கத்துக்கட்டும்.

கடல்குதிரை இருந்தா பிள்ளைக்கு நீச்சல் தெரியும்னு நினைச்சிடாதீங்க. இங்கே உயிர்காப்புச் சங்கமான டே.எல்.ஆர்.கே. பாதுகாப்பாக நீந்தக்கூடியவர்னு ஏத்துக்கிறது அடுத்த நிலையான வெண்கலத்தைத்தான். அதுக்கு விளிம்பிலிருந்து தலை முதலில் பாய்ந்து 15 நிமிஷம் நிற்காம நீந்தணும், அதில் குறைந்தது 200 மீட்டர் கடக்கணும். 150 மீட்டர் குப்புறவோ மல்லாந்தோ, மீதி 50 மீட்டர் மற்ற நிலையில். கூடவே சுமார் 2 மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி ஒரு பொருளை எடுக்கணும், ஸ்டார்ட்டிங் ப்ளாக்கிலிருந்தோ 1 மீட்டர் பலகையிலிருந்தோ கால்களை மடக்கிக் குதிக்கணும். பிள்ளைகள் தவறுவது நீந்துற தூரத்தில் இல்லை. பாய்வதிலும் மூழ்குவதிலும்தான். காது அடைக்கும், கண்ணைத் திறக்க மாட்டாங்க. அதை மட்டும் தனியாகப் பழக்குங்க.

பணம் மிச்சமாகும் வழி இதுதான்: இவ்வளவும் ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா வகுப்பே எடுக்க வேண்டாம். பல பொதுக் குளங்களில் பணியில் இருக்கும் ஷ்விம்மைஸ்டரிடம், அதாவது குள மேற்பார்வையாளரிடம் கேட்டா, சில யூரோ கட்டணத்தில் தேர்வு வச்சு சான்று கொடுத்திடுவார். கூட்டம் இல்லாத வார நாள் காலையிலோ முன்மாலையிலோ போய்க் கேளுங்க. வகுப்பு தேவைன்னா நகராட்சிக் குளம், டே.எல்.ஆர்.கே., செஞ்சிலுவையின் நீர்மீட்புப் பிரிவான வாஸர்வாக்ட், ஊர் நீச்சல் சங்கம் இவங்களிடம் 10 முதல் 15 வகுப்புக்கு 100 முதல் 200 யூரோ. தனியார் நீச்சல் பள்ளியில் 200-க்கு மேலே. வீட்டு முகவரி கிடைச்ச அன்னைக்கே நாலு இடத்திலும் பெயர் கொடுத்துடுங்க. பெயர் கொடுக்கப் பெரும்பாலும் காசு கிடையாது.

தொடக்கப் பள்ளியில் மூணாம் நாலாம் வகுப்பில் நீச்சல் பாடம் வரும். ஆனா அது 20, 25 பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு ஆசிரியர். ஒண்ணுமே தெரியாத பிள்ளை அங்கே முழுசாகக் கத்துக்கும்னு நம்ப வேண்டாம். பருத்தி டீ-ஷர்ட் போட்டுக் குளத்தில் இறங்க விட மாட்டாங்க, முறையான நீச்சல் உடை இரண்டு செட் அங்கிருந்தே வாங்கி வாங்க.

---

வன்னித்தம்பி

வணக்கம் அக்கா. உதைபந்தாட்டத்தில ஒரு பேப்பர் அலுவல் இருக்கு, அதை ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை. உங்கட மகனுக்கு 11 வயசு, அங்க பதிஞ்சு விளையாடுறார் எண்டு சொல்லுறியள். அப்ப இது கட்டாயம் வரும்.

கழகத்தில சேர்ந்து பயிற்சி செய்யிறதுக்கு ஒரு தடையும் இல்லை. ஆனா லீக் மட்ச் விளையாட விளையாட்டு அனுமதி வேணும். 10 வயசு நிறைஞ்ச பிள்ளை இன்னொரு நாட்டில பதிஞ்சிருந்தால், பீஃபா விதிப்படி அந்த நாட்டுச் சம்மேளனத்தின்ர சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வரவேணும். உங்கட விசயத்தில அது இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம். அதை நீங்கள் எழுதி எடுக்கேலாது, ரெண்டு சம்மேளனமும் தங்களுக்குள்ள முடிக்கும். இதுக்கு மேல, 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை நாடு விட்டு நாடு மாத்தக் கூடாது எண்டது பீஃபாவின்ர பொது விதி. அதுக்கு விதிவிலக்கு: தாய் தகப்பன் உதைபந்தாட்டத்தோட சம்பந்தம் இல்லாத காரணத்துக்காக நாடு மாறி இருந்தால் சரி. நீங்கள் அதுக்குள்ள வருவியள். ஆனா அதை ஆவணத்தால காட்டவேணும்.

கழகம் கேக்கிறது: பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும், நகரசபையில பதிஞ்ச முகவரிச் சான்று, தகப்பன்ர வேலை ஒப்பந்தம், ஏன் ஜேர்மனிக்கு வந்தனியள் எண்ட விளக்கம். அந்த விளக்கத்தில "மகனுக்கு இங்க நல்ல பயிற்சி கிடைக்கும்" எண்டு ஆசையில ஒரு வரி எழுதிப் போடாதேங்கோ. அந்த ஒரு வரியால விண்ணப்பம் திரும்பி வரும். தகப்பனுக்கு வேலை கிடைச்சு வந்தம், அதுதானே உண்மை, அதை மட்டும் எழுதுங்கோ. "இதுக்கு முன்னம் வேற நாட்டில விளையாடினவரா" எண்ட கேள்விக்கு இல்லை எண்டு போடவும் வேண்டாம். பதிவு கணினியில இருக்கு, பிறகு பிடிபட்டால் சிக்கல் பெரிசாகும். வெளிக்கிட முன்னம் அங்கத்தைய அகாடமியிட்ட அவற்ற பதிவு இலக்கத்தையும் கழகத்தின்ர பதிவுப் பெயரையும் வாங்கி வையுங்கோ. பெயர் எழுத்து ஒண்டு மாறினாலும் தேடிப் பிடிக்க வாரக்கணக்காகும்.

பெயர் எண்ட உடன இன்னொண்டு. எங்கட ஆக்களின்ர முதலெழுத்துப் பிரச்சினை இங்க பெரிய தலையிடி. பிள்ளையின்ர கடவுச்சீட்டில தகப்பன்ர பெயர் குடும்பப் பெயரா நிக்கும், தகப்பன்ர கடவுச்சீட்டில அவற்ற தகப்பன்ர பெயர் நிக்கும். டொச் (ஜேர்மன்) ஆக்களுக்கு இது வேற குடும்பம் மாதிரித் தெரியும். பெற்றோர் இரண்டு பேரின்ர முழுப் பெயரும் இருக்கிற பிறப்புச் சான்றிதழைக் கையில வையுங்கோ.

பருவம் ஜூலை 1 இல தொடங்கும். வயசுப் பிரிவு பிறந்த வருசத்தைப் பார்த்துத்தான், பள்ளி வகுப்பைப் பார்த்தில்லை. பருவம் தொடங்கிற வருசத்தில 11 அல்லது 12 முடிக்கிற பிள்ளை டே-யூகெண்ட் எண்ட பிரிவில வரும். 9 பேர் கொண்ட அணி. நகரத்துக்குள்ள இருக்கிற கழகங்களில இடம் நிரம்பி ஆள் எடுக்கிறதை நிப்பாட்டி இருப்பினம். ஒரு கழகம் இல்லை எண்டால் அடுத்த ஊர்க் கழகத்துக்கு எழுதுங்கோ. சப்பாத்தை அங்க வாங்காதேங்கோ, வளர்ற கால். இங்க கன கழகத்தில செயற்கைப் புல். அதுக்கு சின்னக் குமிழ் நிறைய இருக்கிற சப்பாத்து வேணும், இரும்புக் குமிழுக்கு அனுமதி இல்லை. பயிற்சியாளரிட்டக் கேட்டுப் போட்டு வாங்குங்கோ. பழசும், பாவிச்ச சாமான் விக்கிற கிளைன்ஆன்ஸைகன் தளத்தில 10, 15 யூரோக்கு நல்லதா வரும்.

பரதத்துக்கு ஃபெரைன் தேட வேண்டாம். எங்கட ஆக்கள் நடத்துற தமிழாலயங்கள் கன நகரங்களில சனிக்கிழமையில நடக்குது. தமிழும் படிக்கலாம். அங்க கேட்டால் நடன ஆசிரியர் ஆர் எண்டு சொல்லுவினம், சில இடத்தில அங்கயே வகுப்பும் இருக்கு. சலங்கை, பயிற்சிச் சேலை, அரங்க உடுப்பு எல்லாம் ஊரில இருந்து கொண்டு வாங்கோ. ஒண்டை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கோ: இந்த வயசுப் பிள்ளையளின்ர உதைபந்து மட்சும் பெரும்பாலும் சனிக்கிழமைதான். ஒரு பிள்ளை தமிழாலயத்தில, மற்றப் பிள்ளை மைதானத்தில எண்டால் தாயும் தகப்பனும் பிரிஞ்சுதான் ஓடவேணும்.

---

கணக்குப்பிள்ளை

பணக் கணக்கை மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் முதல் வருஷம், எல்லாம் ஃபெரைன், நகராட்சி வழியில் போனால் ஏறக்குறைய இப்படி வரும்.

ஃபுட்பால்: சந்தா 150, சேர்க்கை 20, காலணி, முழங்கால் கீழ்க்காப்பு 80, அணி உடை 60. ஆக 310.
பாட்மின்டன்: 130, தரையில் கறை படியாத அடியுள்ள உள்ளரங்கக் காலணி 40. ஆக 170. மட்டையை ஊரிலிருந்து கொண்டு வாருங்கள்.
நீச்சல் வகுப்பு: 180, ஒருமுறை.
பெண்ணுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி ஒன்று: 110.
வயலின், நகராட்சி இசைப்பள்ளியில் இருவர் சேர்ந்த வகுப்பு: மாதம் 60, வயலின் வாடகை மாதம் 15. வருஷம் 900.

மொத்தம் 1,670 யூரோ, மாதத்துக்குச் சுமார் 140. நடன வகுப்பு இதில் இல்லை. பாதிக்கு மேல் வயலினுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். இங்கே விளையாட்டு மலிவு, இசை விலை. தனி வகுப்பு என்றால் 30 நிமிஷத்துக்கே மாதம் 80 முதல் 120 வரை ஆகும். இசைப்பள்ளிக் கட்டணம் வருஷத் தொகையை 12-ஆல் வகுத்தது, அதனால் ஆகஸ்ட் விடுமுறையிலும் பணம் போகும். அது ஏமாற்று இல்லை, அப்படித்தான் கணக்கு. உடன்பிறப்புச் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். விலகுவது பெரும்பாலும் அரையாண்டு முடிவில்தான்.

வரவுப் பக்கம்: கிண்டர்கெல்ட் என்ற பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை, 2026 ஜனவரி முதல் பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. ப்ளூ கார்டு குடும்பத்துக்கு உரிமை உண்டு. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குத்தான் பின்தேதியிட்டுக் கிடைக்கும், தள்ளிப்போட வேண்டாம். வரி எண் வந்ததும் போடுங்கள். வரி எண், முகவரி பதிந்த பிறகு தபாலில் வரும்.

வரிச்சலுகை பற்றி நிறையத் தவறான தகவல் உலவுகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பராமரிப்புச் செலவில் 80 சதவீதம், பிள்ளைக்கு அதிகபட்சம் 4,800 யூரோ வரை கழிக்கலாம் என்பது 2025 முதல் உள்ள விதி. ஆனால் அது கவனித்துக்கொள்வதற்கு மட்டும். விளையாட்டு, இசை, நீச்சல், ட்யூஷன் எதுவும் சேராது. ஃபெரைன் சந்தாவை நன்கொடையாகவும் காட்ட முடியாது. பள்ளிக்குப் பிந்தைய காப்பகமும் விடுமுறைக் காப்பகமும் சேரும், ரசீது இருந்து வங்கி வழியே கட்டியிருந்தால். ரொக்கம் கொடுத்தால் போச்சு.

விடுமுறை என்றதும் சொல்கிறேன், உங்களுக்கு உண்மையான செலவு அங்கேதான் காத்திருக்கிறது. கோடை விடுமுறை 6 வாரம். இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது? தனியார் ஃபுட்பால் முகாம் 5 நாளைக்கு 150 முதல் 250 யூரோ. ஸ்டுட்கார்ட்டில் வால்ட்ஹைம் என்று ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. காட்டோரத்தில் சர்ச்சுகளும் பிற அமைப்புகளும் நடத்தும் பகல்நேர விடுமுறைத் திட்டம், சாப்பாட்டோடு. எந்த மதத்துப் பிள்ளையும் போகலாம். கோடைக்கான பதிவு வருஷத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும், மே மாதம் தேடினால் கிடைப்பது கஷ்டம். மாமிசம் சாப்பிடாத பிள்ளை என்றால் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் படிக்கும் மற்றவர்களுக்காக: வீட்டு வாடகை உதவி, கிண்டர்ட்சூஷ்லாக் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பிள்ளைக் கூடுதல் தொகை), அடிப்படை உதவித்தொகை இவற்றில் ஏதாவது வாங்கும் குடும்பத்தில் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஃபெரைன், இசைப்பள்ளிக்காக மாதம் 15 யூரோ அரசு தருகிறது. சேர்த்து வைத்து வருஷச் சந்தா 180 யூரோவை ஒரேயடியாகவும் கட்டலாம். பல சங்கங்களின் சந்தாவே அதற்குள் அடங்கிவிடும். நம்மவர்கள் கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கிறார்கள். இது பிள்ளையின் உரிமை, தயங்காமல் விண்ணப்பியுங்கள். கிண்டர்கெல்ட்டும் கிண்டர்ட்சூஷ்லாக்கும் வதிவிட அனுமதிச் சட்டத்தில் பொது நிதியாகக் கணக்கில் வராது, அதனால் இந்த இரண்டையும் வாங்குவது விசாவுக்குப் பாதகம் என்ற பயம் வேண்டாம்.

---

பொள்ளாச்சிக்காரி

எல்லோருக்கும் மிக்க நன்றி. மகன் பதிவு எண்ணை நாளைக்கே அகாடமியில் கேட்கிறேன். பெண்ணுக்கு ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் இந்த வாரமே ஆரம்பம். இன்னும் இரண்டு சந்தேகம். வயலினைக் கையோடு எடுத்து வரலாமா, அங்கேயும் கர்நாடக சங்கீதம் தொடர முடியுமா? இன்னொன்று, சந்தாப் படிவத்தில் வங்கி விவரம் கேட்கிறார்கள், இந்தியக் கணக்கு செல்லுமா?

---

நெக்கார்க்கரை

வயலினைக் கொண்டு வாருங்கள். குடிபெயர்ந்து வருபவர்கள் 6 மாதமாகவாவது பயன்படுத்தி வந்த சொந்தப் பொருளுக்குச் சுங்க வரி இல்லை, ஆனால் 12 மாதத்துக்கு அதை விற்கக் கூடாது. ஆனால் அதை வைத்தே இசைப்பள்ளி வகுப்புக்கும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே மேற்கத்திய முறை: சுருதி அமைப்பு வேறு, நின்றுகொண்டு வாசிப்பார்கள், பிடிக்கும் விதமும் வேறு. ஒரே கருவியை வாரம் நான்கு முறை மாற்றிச் சுருதி கூட்டினால் தந்தி அறும், பிள்ளைக்கும் குழப்பம். கர்நாடக இசைக்கு ஊர் வயலின், மேற்கத்திய வகுப்புக்கு வாடகை வயலின் என்று வையுங்கள். 9 வயதுக்கு அரை அல்லது முக்கால் அளவு, வளர வளர மாற்ற வேண்டும், வாடகைதான் லாபம்.

குருவிடம் ஆன்லைனில் தொடரலாம். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி. ஊரில் மாலை 6 மணி வகுப்பு இங்கே குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, பிள்ளை பள்ளியில் இருப்பாள். சனி, ஞாயிறு காலைக்கு மாற்றிக் கேளுங்கள். சனிக்கிழமை ஃபுட்பாலும் தமிழாலயமும் இருப்பதால் ஞாயிறு வசதி.

இந்தியக் கணக்கு செல்லாது. செபா என்ற ஐரோப்பியப் பற்று முறையில்தான் சந்தா எடுப்பார்கள், ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் வேண்டும். ஜெர்மன் வங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, செபா வட்டத்துக்குள் உள்ள எந்த நாட்டு ஐபேனும் சட்டப்படி செல்லும். சந்தா எடுக்கும் தேதியில் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் அந்த வங்கிச் செலவை உங்களிடம் வாங்குவார்கள். பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் எடுப்பார்கள், அந்த இரண்டு மாதம் கணக்கில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். விலகல் கடிதத்துக்கு மின்னஞ்சல் போதுமா, கையெழுத்திட்ட தபால்தான் வேண்டுமா என்பதும் ஸாட்ஸுங்கில் இருக்கும். எப்படி அனுப்பினாலும் உறுதிப்படுத்தி ஒரு வரி எழுதச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.